தேவையில்லாத எச்சரிக்கைகள்

மறுபடியும் ஓடுகிறது. கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து, வரி வரியாக மேலே ஏறி மறைந்துகொண்டே, ஒரு முடிவில்லாமல். இந்தக் கோப்பில் வரி முடியும் குறி மாற்றப்படும், அடுத்த கோப்பிலும் மாற்றப்படும், அதற்கடுத்ததிலும் அப்படியே. மாறட்டுமே, யார் குடி முழுகிப்போச்சு, என்று ஆவுடைச்செல்வி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பத்துப் பேர் ஒரே நிரலில் கைவைக்கும் இடத்தில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று கணக்கு வைக்க கிட் என்று ஒரு கருவி. நல்ல கருவிதான், நன்றி மறக்கக்கூடாது, ஆனால் வாய் ஜாஸ்தி. கோயம்புத்தூரில் இவர்கள் மேசையில் இருப்பதெல்லாம் விண்டோஸ், அங்கே ஜெர்மனியில் வாடிக்கையாளரிடம் இருப்பது லினக்ஸ். ஒரு வரி எங்கே முடிகிறது என்பதற்கு இரண்டும் வேறு வேறு குறி போடும். அதைக் கிட் தானே மாற்றிக்கொள்ளும், இத்தனை வருஷத்தில் அதனால் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. ஆனால் மாற்றும்போதெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்லும். காலையில் டேனியல் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று, "செல்வி, சாயங்காலம் டெமோ. ஜெர்மன்காரன் நம்ம ஸ்கிரீனையேதான் பார்த்துட்டிருப்பான். இந்த மஞ்சள் ஓடுச்சுன்னா எதோ உடைஞ்சு கிடக்குன்னு நினைப்பான். ஊமையாக்கி விட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மேனேஜர், குரல் உயர்த்தாதவர். இந்த அலுவலகத்தில் அவள் பெயர் செல்வி. ஆவுடை என்பதைச் சொல்ல முதல் நாளே யாருக்கும் வாய் வரவில்லை, அவளும் விட்டுவிட்டாள். ஆவுடை என்று கூப்பிட இந்த உலகத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் அப்பா. இன்னொருவன் அண்ணன். அண்ணனை நினைத்ததும் கை தானாக மேசையில் கவிழ்ந்து கிடந்த போன் பக்கம் போனது, போய்த் தொடாமல் திரும்பியது.

ஊமையாக்க இரண்டு வழி. கருவி சொல்வதையெல்லாம் ஒட்டுமொத்தமாக அள்ளிப் பாழுங்கிணற்றில் போட ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது, ஒரே வரி, அரை நிமிஷ வேலை. இன்னொன்று, இந்த ஒரு வகைப் புலம்பலை மட்டும் தேடிப்பிடித்து அடக்கி, மற்றதைப் பேச விடுவது. செல்வி இரண்டாவது வழிக்காரி. அவசரக்காரன் ஒருவன் முன்பு முதல் வழியில் போய், ஒரு வாரத்து வேலை காணாமல் போனது ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்த கதையை அவள் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள். எதை அடக்குகிறோம் என்று தெரிந்து அடக்கணும், என்பாள். அப்படிச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருக்கும். ஆகையால் மஞ்சள் வரிகளையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டி, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். தேவையில்லாதது, தேவையில்லாதது, தேவையில்லாதது. இதே வார்த்தையைத்தான் போன வாரம் வேறொரு இடத்தில் சொன்னோம் என்று பட்டது. படிக்கிறதைப் படி, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பொன்னுலிங்கம் அண்ணன் அனுப்புவதும் இப்படித்தான் வரி வரியாக வரும். சங்கரன்கோவில் வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும். அவனுக்கு இருபத்திரண்டு வயசில் ஆரம்பித்தது. பாலிடெக்னிக்கில் முதல் மாணவன், வரைபடம் போட்டால் கோடு பேசும் என்பார்கள். பிறகு கோடுகள் நிஜமாகவே அவனிடம் பேச ஆரம்பித்தன. மாத்திரை இருக்கிறது, மாத்திரை போட்டால் பாதி நாள் தூக்கம், பாதி நாள் போன். ஆவுட, இன்னைக்கித் தயிர் சாப்பிடாத. ஆவுட, பச்சைச் சட்டை போட்டவன் உன் ஆபீஸ் வாசல்ல நிப்பான், பேசாத. மாடிக்குப் போகாத. செவுரு வெயில்ல இளகுது. அப்பா மாதிரி உக்காந்திருக்கது அப்பா இல்ல. அதை முதல் தடவை படித்த அன்றைக்கே பஸ் பிடித்து ஊருக்கு ஓடினாள். விடிய விடியப் போய் இறங்கினால், அப்பா மாதிரி உட்கார்ந்திருந்த அப்பா பல்லில் குச்சியை வைத்துக்கொண்டு, "என்னளா திடுதிப்புன்னு?" என்று கேட்டார். அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, நான் அப்பவே சொன்னேன்லா, என்று சிரித்தான். என்ன சொன்னான், எது நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருநாளும் அவன் கூப்பிட்டுப் பேசமாட்டான். போனில் பேசினால் குரலை எடுத்துக்கொள்வார்களாம், அதனால் எல்லாம் எழுத்தில்தான். பேசுகிற மாதிரியே எழுதினாலும் எழுத்தில் அவனுக்குப் பிழையே வராது. ஒரு புள்ளி விட்டுப்போகாமல், ஒற்று மிகாமல், பைத்தியக்காரத்தனத்தை அச்சடித்த மாதிரி அனுப்புவான். இந்த நேர்த்தி மட்டும் எப்படி அவனை விட்டுப் போகாமல் நின்றது என்று நினைத்தால் அவளுக்கு அழுகை வரும்.

எழுத்து பரவாயில்லை. அதற்கு முன்னால் அவன் ஆட்களைக் கூப்பிடுவான், அதுதான் தாங்கவில்லை. போனில் பேசமாட்டான், ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவான். தீயணைப்பு வண்டியை ஒருதரம். போலீஸ்காரரை டீக்கடையிலிருந்து பாதி டீயோடு ஒருதரம். பக்கத்து வீட்டுப் புஷ்பம் டீச்சர் காலில் விழுந்து கெஞ்சி ஆம்புலன்ஸ் வரவழைத்தது இரண்டு மூன்று முறை. கடைசித் தடவை அந்த வண்டி சத்தம் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்து நின்றபோது, அப்பா உள்ளே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். வண்டியில் வந்தவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, நியாயத்தைத்தான் கேட்டார். "பெரியவரே, அங்க ரோட்டுல ஒரு உசிரு துடிச்சிக்கிட்டுக் கெடக்கு. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறதுல பாதி நேரம் போச்சே, அது உசிரு இல்லையா?" தெரு முழுக்கக் கூடி நிற்க, கை கழுவாமல் எச்சில் கையோடு எழுந்து வந்து அப்பா கும்பிட்டாராம். மின்கம்பத்தில் ஏறி இறங்கி முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்த மனுஷன், ஒருத்தரிடமும் தலை குனியாதவர். இதை டீச்சர்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "நீ அங்கன ஏசி ரூம்ல இருந்துட்ட, நாங்க இங்கன ஓடுதோம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். அந்தப் பொங்கலுக்குப் போனபோது அம்மா படத்துக்கு முன்னால் அண்ணன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அண்ணே, எதுனாலும் மொதல்ல எனக்கு மெசேஜ் போடு. நான் சரின்னு சொன்னாத்தான் யாரையும் கூப்புடணும். நான் சொல்லாம வாசப்படி தாண்டக்கூடாது. அம்மா மேல சத்தியம். அவன் ரொம்ப நேரம் யோசித்து, அம்மா மேல சத்தியம், என்றான். அவனிடம் ஒரு குணம், சொன்ன சொல் தப்பமாட்டான். அதற்கப்புறம் ஒரு வண்டியும் வரவில்லை. தெரு அமைதியானது. அப்பா நிமிர்ந்து கோயிலுக்குப் போய்வந்தார். என்ன சாமர்த்தியமாக முடித்தோம் என்று அவளுக்குக்கூடப் பெருமைதான்.

தெருவுக்குப் போன சத்தமெல்லாம் அப்புறம் அவள் போனுக்கு வந்தது, தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. கூட்டத்தில் இருக்கும்போது, குளிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது மேசையும் பையும் இடுப்பும் அதிர்ந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து படித்து, இல்லண்ணே, ஒண்ணும் இல்லண்ணே, மாத்திரை போட்டியா, என்று பதில் போட்டுப் போட்டுக் கண் புளித்துப்போனது. போன வாரம் ஒருநாள், ஒரு பிழையைப் பிடிக்கப் போய் அது கைக்கு வரும் நேரத்தில் போன் துடித்தது. குழாய்த் தண்ணியில எழுத்து வருது. அவ்வளவுதான், உள்ளே ஏதோ அறுந்தது. அவன் பெயரை அழுத்திப் பிடித்தாள், மெசேஜ் சத்தத்தை அடக்கவா என்று போன் கேட்டது. எட்டு மணி நேரமா, ஒரு வாரமா, எப்போதுமா? எப்போதும். விரல் அதைத்தான் தொட்டது, யோசித்துத் தொட்டதா, தானாகத் தொட்டதா, இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. மத்தியானமும் ராத்திரியும் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்கே ஒரு சமாதானம் சொன்னாள். முதல் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் ராத்திரி மட்டும். நிம்மதி என்பது இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற சரக்கா என்று ஆச்சரியமாக இருந்தது. நிம்மதிக்கு நடுவில் ஒரே ஒரு முள். ஒருதரம் அவன் சொன்னது பலித்திருக்கிறது. அடுப்படியில பாம்பு மூச்சு விடுது, என்று எழுதினான். அப்பாவும் பாம்பு என்றே கம்பை எடுத்துக்கொண்டு போனார். போனால் கேஸ் குழாயில் பொத்தல். அந்த ஒன்று மட்டும் நடக்காதிருந்தால் எல்லாவற்றையும் குப்பை என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கியிருக்கலாம். புலி வருது, புலி வருது கதையில் ஊரெல்லாம் அந்தப் பையனைத்தான் திட்டுகிறது. புலி வந்தது நிஜம் என்பதை யாராவது பேசுகிறார்களா?

தேவையில்லாதது, தேவையில்லாதது. இது என்ன? மஞ்சளுக்குள் மஞ்சளாக ஒரு வரி, மற்றதைப்போலவே நீளம், மற்றதைப்போலவே தொடக்கம். இந்த அடைவைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை, விட்டுவிட்டுப் போகிறேன். விட்டுவிட்டுப் போகிறாயா? செல்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். பக்கத்து இருக்கை ஃபர்சானா எழுதும் அறிக்கைகள் எல்லாம் அந்த அடைவில், அந்த ஃபோல்டரில்தான். பழைய பதிவுகளைப் புரட்டினால் போன மாதத்திலிருந்தே அதை விட்டுவிட்டுப் போகிறேன் என்று கருவி சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, தினமும், தவறாமல், நூறு புலம்பலுக்கு நடுவில் ஒரு குரலாக. ஒருத்தரும் படிக்கவில்லை. படிக்கிற மாதிரி இல்லை. ஃபர்சானாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அய்யோ அக்கா, என்னோட லேப்டாப் மட்டும் போயிருந்தா எல்லாமே போயிருக்குமா?" என்று அவள் நெஞ்சில் கைவைத்தாள். அனுமதியைச் சரிசெய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "தெய்வம்க்கா நீங்க" என்று ஃபர்சானா சிரித்துவிட்டுப் போனாள். தெய்வத்துக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. ஏசிக் காற்றில் குளிர்ந்தும் போனது. எதற்கு வேர்க்க வேண்டும்? கண்டுபிடித்தாயிற்று, சரிபண்ணியாயிற்று. நல்ல காரியம்தானே நடந்திருக்கிறது? ஆனால் மனசு நல்ல காரியத்தைப் பிடித்துக்கொள்ளாமல் அந்த வரியையே பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் போகிறேன், விட்டுவிட்டுப் போகிறேன். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை, ஒரு தகவல் அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் போனை நிமிர்த்திப் பார்த்தது நிஜம். அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருந்தது, அதுவும் வழக்கம்தான். பெயருக்குக் கீழே கடைசியாக வந்த வரி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சரி, இருக்கேன். அவ்வளவுதான். தயிர் இல்லை, சுவர் இல்லை, பச்சைச் சட்டை இல்லை. அதைப் பார்த்து அவளுக்கு லேசாகச் சந்தோஷம்கூட வந்தது. டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது போல, இத்தனை அடக்கமாக அவன் எழுதி எத்தனை வருஷம் ஆச்சு, என்று நினைத்துக்கொண்டே ஃபர்சானா நீட்டிய டப்பாவிலிருந்து ஒரு துண்டுக் கத்திரிக்காயை எடுத்து வாயில் போட்டாள். திறந்து படிக்கவில்லை. திறந்தால் மேலே இருக்கும் குப்பையையும் படிக்க வேண்டும், படித்தால் சாப்பாடு இறங்காது. நல்ல வரி ஒன்று வந்திருக்கிறது, அதோடு நிற்கலாமே என்று ஒரு பேராசை. இப்போது போனை மறுபடி நிமிர்த்தினாள். அதே எண். அதே வரி. சரி, இருக்கேன். சாப்பாட்டு நேரத்திலிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லையா? மாத்திரைத் தூக்கமாக இருக்கும். தூங்கினால் நல்லதுதான். ஆனால் சரி என்பது என்ன வார்த்தை? யாராவது ஏதாவது சொன்னால் அதற்குச் சரி என்பார்கள். யார் என்ன சொன்னார்கள்? நான் ஒன்றும் சொல்லவில்லையே. குரல்களிடம் பேசுகிறானோ? குரல்களுக்கு அவன் சரி சொல்லமாட்டான், சண்டைதான் போடுவான். அப்படியென்றால் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, தனக்குத்தானே சரி என்று சொல்லி, இருக்கேன் என்றால், எங்கே இருக்கிறான், எதற்கு இருக்கிறான்? சே, ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்தப் பாடா. அண்ணனைப் பிடித்தது தங்கையையும் பிடிக்கிறதா? அந்தப் பயம் எப்போதும் அவளுக்கு உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்பா கூப்பிடவில்லை. இது இப்போதுதான் உறைத்தது. தினமும் சாப்பிட்டுக் கை துடைத்ததும் கூப்பிடுவார், ஏளா சாப்ட்டியா, என்ன கொழம்பு, வெயிலா, சரி வைக்கட்டா. அதற்குமேல் அவருக்குப் பேசத் தெரியாது. நேற்றுக் கூப்பிட்டார். இன்றைக்கு ஏன் இல்லை? சார்ஜ் போட மறந்திருப்பார். கரண்டு உத்தியோகம் பார்த்தவர் சார்ஜ் போட மறப்பார், அது வேடிக்கை. கோயிலில் யாருடனாவது பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெயிலுக்குத் தூங்கியிருப்பார். நாமே கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டு அவர் எடுத்தால் எல்லாம் தீர்ந்தது. எடுக்காவிட்டால்? எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிட வேண்டும், அதற்குப் பிறகு டீச்சரைக் கூப்பிட வேண்டும், டீச்சரே, கொஞ்சம் எட்டிப் பாருங்களேன், என்று ஆரம்பிக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். போய்ப் பார்த்துவிட்டு, உங்கப்பா குறட்டை விட்டுத் தூங்குதாரு, என்பார். அண்ணனை மாதிரியே நீயும் ஆளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாயா என்று வாயால் சொல்லமாட்டார். அந்த வெட்கத்தை நினைத்தாலே காது சூடானது. சின்ன வயசில் ஒருதரம், அப்பா கம்பத்திலிருந்து ஷாக் அடித்து விழுந்து கையில் கட்டோடு வந்தபோது, பாத்துப் போகக்கூடாதாப்பா, என்று அவள் அழுதாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஏளா, சொல்லிட்டா அடிக்கும் கரண்டு?" என்றார். சொல்லிவிட்டு அடிக்காது. சரி. ஆனால் சொல்லிக்கொண்டே இருக்கிற ஒன்றை நான்தான் வாயைப் பொத்தி வைத்திருக்கிறேன், அதற்கு என்ன சொல்வார்? போனைக் கவிழ்த்து வைத்தாள். டெமோ முடியட்டும். முடிந்ததும் முதல் வேலை.

அடக்க வேண்டிய அமைப்பைத் தேடிப் பிடித்தாள். அதன் பெயரிலேயே பாதுகாப்பு என்ற சொல் இருக்கிறது, அதற்கு எதிரே பொய் என்று, அதாவது வேண்டாம் என்று, எழுதினால் புலம்பல் நின்றுவிடும். எழுதினாள். சேமித்தாள். எல்லாக் கோப்பையும் மொத்தமாக ஏற்றிப் பார்க்கும் கட்டளையைத் தட்டினாள். திரை ஒரு கணம் கறுப்பாக நின்றது. ஒரு மஞ்சள் வரிகூட இல்லை. அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் குறி மட்டும் இமைத்தது. இந்தக் கருவிகளின் வழக்கமே அப்படி, தப்பு நடந்தால்தான் பேசும், ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லபடியாக முடிந்தது என்று நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் இத்தனை வருஷமாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இன்றைக்கு அந்தக் கறுப்பை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. சரியாக முடிந்து பேசாமல் இருக்கிறதா, பேச வாயில்லாமல் இருக்கிறதா? இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுதான். சோதித்துப் பார்க்க வேண்டும், வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்து அது கத்துகிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் முறை. பூட்டிய அடைவு ஒன்றை உண்டாக்கி மறுபடி தட்டினாள். உடனே வந்தது, திறக்க அனுமதி இல்லை, விட்டுவிட்டுப் போகிறேன். நல்லது. இதற்கு வாய் இருக்கிறது, அது போய்ச் சேர ஒரு இடமும் இருக்கிறது, அந்த இடத்தில் பார்க்க ஒரு கண்ணும் இருக்கிறது. மூன்றும் இருந்தால்தான் எச்சரிக்கை. ஒன்று குறைந்தாலும் அது காற்றில் போன பேச்சு. அப்போதுதான் அது புரிந்தது, மெதுவாகப் புரிந்தது, படித்துக்கொண்டிருந்த நிரலில் தப்பு கண்ணில் படுவதைப்போல. அண்ணன் வாசலைத் தாண்டக்கூடாது, எனக்குத்தான் சொல்ல வேண்டும். அது பொங்கலுக்குப் போட்ட பூட்டு. அவன் எனக்குச் சொன்னால் எனக்குக் கேட்காது. இது போன வாரம் போட்ட பூட்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல பூட்டு, தேவையான பூட்டு. இரண்டையும் போட்டது ஒரே கை. எந்தப் புதுப்பையன் நிரலில் இப்படி எழுதிக் கொண்டுவந்தாலும் இவள் சிவப்பு மையில் அடித்திருப்பாள். அடிப்பாவி, என்று வாய்விட்டே சொன்னாள். ஃபர்சானா திரும்பிப் பார்த்தாள்.

டேனியல் வந்து திரையைப் பார்த்து, "சூப்பர் செல்வி, எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றார். அவள் எழுந்து, அவரைத் தாண்டி, படிக்கட்டுப் பக்கம் போய் நின்று அண்ணன் பெயரைத் தொட்டாள். மேலே காலையில் வந்தது, வேப்பமரம் யாரையோ கூப்பிடுது, வெளக்கு போடாத. அதற்குக் கீழே எழுத்து அதே எழுத்துதான், அதே புள்ளி, அதே ஒற்று. அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார்கள். எழுந்திருக்க முடியவில்லை. தலையில் ரத்தம். டீச்சரைக் கூப்பிடட்டுமா? உன்னைக் கேட்கிறார்கள். ஆவுட, டீச்சரைக் கூப்பிடட்டுமா? ரத்தம் துணியை நனைத்துவிட்டது. வாசப்படி தாண்டலாமா? நீ சொல்லவில்லை. நீ வேலையாக இருப்பாய். சரி, இருக்கேன். விரல் அப்பா பெயரைத் தேடித் தொட்டது. ஒரே மணியில் எடுக்கப்பட்டது. எடுத்தது அப்பா இல்லை, வருஷக்கணக்காகப் போனில் கேட்காத குரல்.

"ஆவுட."

"அண்ணே, அப்பாவுக்கு என்னண்ணே?"

"தூங்குதாவ. மொதல்ல மொனங்கிக்கிட்டே கெடந்தாவ, ஆவுடைய கூப்புடு ஆவுடைய கூப்புடுன்னாவ. நான் ஒனக்குப் போட்டேன். தலைக்குத் தலாணி வச்சிருக்கேன். கை ரொம்பக் குளுந்துருக்கு, ரெண்டு போர்வை போத்திவிட்டேன், இன்னும் சூடு வரல."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு இருக்கா பாருண்ணே. மூக்குகிட்டக் கை வச்சுப் பாரு."

குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் சத்தமே போடல, ஆவுட" என்றான் அவன். கேட்டதற்குப் பதில் அது இல்லை, அதுவே பதில். "தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. வாசப்படி தாண்டல. இப்பத் தாண்டலாமா?"

"தாண்டுண்ணே. டீச்சரைக் கூப்புடு. ஓடு."

"டீச்சர் ஏசுவாவளே. இவ்வளவு நேரம் என்னத்துக்குல கூப்புடலன்னு கேப்பாவளே."

அவன் அவள் பதிலுக்குக் காத்திருந்தான். மத்தியானம் முழுக்கக் காத்திருந்தவன், இதற்கும் பொறுமையாகவே காத்திருந்தான்.

"நீதான் கூப்புடக் கூடாதுன்னு சொன்னன்னு சொல்லட்டா?"

"சொல்லுண்ணே" என்றாள் ஆவுடை. "நான்தான் சொன்னேன்னு எல்லார்ட்டயும் சொல்லு."